பூட்டிய வீட்டில் பத்து நாள்

வாசலில் பூட்டுத் தொங்கும் வீட்டில் ஆள் இருப்பதாக அந்த ஆலைக் குடியிருப்பில் யாரும் காட்டிக்கொள்வதில்லை. உள்ளே குழாயில் தண்ணீர் விழும் ஓசை கேட்டாலும், தாளிப்பின் வாசனை சந்து முனைவரை வந்தாலும், அது காலி வீடுதான். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. எங்கும் எழுதி ஒட்டியதும் இல்லை. ஆயினும் சிகந்தராபாத் பக்கம் குஷாய்குடாவை ஒட்டியிருந்த அந்த மூன்று வரிசை வீடுகளில் குடியிருந்த அனைவரும், பால் போடுகிறவர் உட்பட, இதற்குக் கட்டுப்பட்டிருந்தார்கள்.

காரணம் எளியது. ஆலையின் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்க்கும் ஒருவர் விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டில் இருந்தால் அது விடுப்பாக நிலைப்பதில்லை. எங்கேயோ ஓர் இயந்திரம் நின்றுபோகும். அடுத்த அரைமணியில் ஜீப் வாசலுக்கு வந்துவிடும். எனவே விண்ணப்பத்தில் 'விடுப்புக் கால முகவரி' என்று கேட்டிருக்கும் இடத்தில் சொந்த ஊரை எழுதிக் கொடுத்துவிட்டு, முன்கதவைப் பூட்டி, பின்கதவு வழியாக உள்ளே வந்து உட்கார்ந்துகொள்வது வழக்கமாயிற்று. பால் பாக்கெட்டுகள் தாமாகவே பின்பக்கம் வந்துசேரும். பின்சந்தில் தற்செயலாக எதிர்ப்பட்டால் இரு தரப்பும் வேறு திசையில் பார்த்துக்கொள்ளும். பத்து நாள் கழித்துப் பூட்டைத் திறக்கும்போது, "பிரயாணம் எல்லாம் சௌகரியமா?" என்று அக்கம்பக்கத்தார் கேட்பார்கள். ரயிலில் ஒரே கூட்டம் என்று பதில் வரும். உள்ளூரில் மாரெட்பள்ளிக் கடையில் வாங்கிய அல்வா திருநெல்வேலி அல்வாவாக வீடுவீடாகப் போகும். "அந்தத் தண்ணிக்குத்தாங்க இந்த ருசி" என்று வாங்கித் தின்பவர்கள் சொல்வார்கள். அவர்கள் முகத்தில் கேலியின் சாயல்கூட இருக்காது.

2001ஆம் ஆண்டு மே மாதம் ஒரு சனிக்கிழமை வைத்தியநாதனும் தம் வீட்டுக்குப் பூட்டுப் போட்டார். அவருக்கு ஐம்பத்தாறு வயது; ஆலையின் மின்சாரப் பராமரிப்பில் முப்பது ஆண்டு அனுபவம். விடுப்புக் கால முகவரியாக அம்பாசமுத்திரத்தைக் குறித்திருந்தார். மருந்தகத்தில் இரத்த அழுத்தம் பார்த்த டாக்டர், "எங்கயும் அலையாதீங்க. பத்து நாள் குடும்பத்தோட வீட்லயே இருங்க. சின்னதா ஏதாவது விளையாடுங்க, சேர்ந்து சமைங்க, பழைய போட்டோவெல்லாம் எடுத்துப் பாருங்க. மனசு லேசாகும்" என்று சொல்லியிருந்தார். வைத்தியநாதன் அதை ஓர் இயந்திரத்தின் பராமரிப்புக் குறிப்பேட்டைப்போல் ஏற்றுக்கொண்டார். அளவுகோல் வைத்துக் கட்டம் போட்டு, நாளுக்கு இரண்டு செயல்கள் வீதம் எழுதி, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினார். முதல் நாள் காலை: கேரம். மாலை: பரமபதம்.

மனம் லேசாக வேண்டியிருந்ததற்கான காரணத்தை அந்தத் தாளில் அவர் எழுதவில்லை. அவருடைய மூத்த மகன் தினேஷ் நியூஜெர்சியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்தான். அவன் மனைவி சுபாஸ்ரீக்கு ஜனவரியில், ஏழாம் மாதத்திலேயே, பெண் குழந்தை பிறந்தது. இரண்டு நாள்தான் இருந்தது. செய்தி தொலைபேசியில் வந்தபோது காலைச் சிற்றுண்டி நேரம். வைத்தியநாதன் கேட்டுக்கொண்டார், அங்கே இப்போது பனியா என்று விசாரித்தார், ரிசீவரை வைத்தார். அவர் மனைவி பகவதி அடுப்பை அணைத்தார். சிறிது நேரம் நின்றுவிட்டு மறுபடியும் பற்றவைத்து, மிச்சமிருந்த மாவையும் தோசையாக வார்த்தார். மகள் ரோகிணி அந்தத் தோசைகளைச் சாப்பிட்டாள். மூவரில் யாரும் அழவில்லை. அழாமல் இருந்ததைப் பற்றியும் பேசவில்லை. அப்போதிலிருந்து வீடு ஒழுங்காக நடந்தது. பல் பிடுங்கும் முன் ஊசி போட்ட வாயைப்போல எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது, எதுவும் உறைக்கவில்லை.

பிரசவத்துக்குப் போவதற்காகப் பகவதிக்கென்று வாங்கிவைத்திருந்த பாஸ்போர்ட் விண்ணப்பம் அலமாரியில் கிடந்தது. "இனிமே அது எதுக்கு?" என்று வைத்தியநாதன் ஒருமுறை கேட்டார். பகவதி அலமாரியைச் சாத்தினார். மார்ச் மாதத்தில் ஒரு நாள், கணவர் முதல் ஷிஃப்டுக்குப் போனபின், அந்தத் தாளை மேசைமேல் விரித்து, "எழுதுட்டி" என்று மகளிடம் சொன்னார்.

"அப்பாக்குத் தெரியுமா?"

"தெரியணும்போது தெரியும். சுபாவுக்குத் தாய் கெடயாது. பிள்ள இருந்தாத்தான் நான் போவணும்னு ஏதும் இருக்கா?"

பொறியியல் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த ரோகிணி அழகான கையெழுத்தில் நிரப்பினாள். தாயும் மகளுமாகப் பேருந்தில் போய் சிகந்தராபாத் அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வந்தார்கள். அடுத்தது போலீஸ் விசாரணை. கான்ஸ்டபிள் வீட்டுக்கு வருவார், விண்ணப்பித்தவரை நேரில் பார்ப்பார், பக்கத்து வீட்டாரிடம் கேட்பார், அறிக்கை எழுதுவார். ஆள் இல்லை என்று அவர் எழுதிவிட்டால் கோப்பு மூடப்படும்.

அவர் முதலில் வந்தது பூட்டுப் போடுவதற்கு இரண்டு நாள் முன்பு. பகவதி அப்போது காய்கறி வாங்கப் போயிருந்தார். பக்கத்து வீட்டு ஜலஜாதான் மதில் ஓரமாக அழைத்துச் சொன்னார். ஜலஜாவின் பெற்றோர் வேலூர்க்காரர்கள். ஆனால் அவர் லாலாகுடா ரயில்வே குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவர். அவர் பேச்சில் நான்கு மொழிகளும் ஒரே பெட்டியில் பயணம் செய்யும்.

"அக்கா, போலீஸ்வாலா வந்தாரு. நீங்க இல்லன்னதும் மறுபடி வரேன்னுட்டாரு. அண்ணனுக்கு இன்னும் சொல்லவே இல்லியா? கைக்கு, எதுக்கு இப்டி பயப்படறீங்க?"

"பயமில்ல ஜலஜா. இன்னிக்குச் சொல்லிருவேன்."

அன்று மாலை வைத்தியநாதன் புதுப் பூட்டோடு வந்தார். ஓய்வுத் திட்டத்தை விளக்கினார். பகவதி கேட்டுக்கொண்டிருந்தார். சொல்ல வேண்டியதை அவர் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை தொலைபேசியின் ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கினார்கள். பூட்டிய வீட்டில் மணி அடிக்கக் கூடாது. ஞாயிறுதோறும் பேசும் தினேஷிடம், இரண்டு வாரம் ஊரில் இருப்போம் என்று முன்னதாகவே வைத்தியநாதன் சொல்லிவைத்திருந்தார். அதாவது, மகனைப் பொறுத்தவரையிலும் அந்த வீட்டில் ஆள் இல்லை.

கேரம் பலகையை இரண்டாக மடித்த போர்வையின்மேல் வைத்து ஆடினார்கள். அப்படியும் ஸ்டிரைக்கர் கட்டையில் மோதும் சத்தம் கேட்டது. "மெதுவா அடி" என்றார் வைத்தியநாதன். மெதுவாக அடித்ததில் காய்கள் பாதி வழியில் நின்றன. யாரும் வெல்லாமல் ஆட்டம் ஒரு மணி நேரம் நடந்தது. சரியாகப் பதினொரு மணிக்கு அவர் கட்டத்தில் ஒரு டிக் போட்டார்.

"எப்படி இருந்துது?" என்று கேட்டார்.

"நல்லா இருந்துச்சு" என்றார் பகவதி.

"ரிலாக்ஸ்டா இருக்குப்பா" என்றாள் ரோகிணி.

இரண்டாம் நாள் வடாம். மாடியில் காயவைக்க முடியாது. ஆகவே கூடத்தில் பழைய வேட்டியை விரித்து, மின்விசிறியின் கீழ் பிழிந்தார்கள். குக்கரின் விசில் எழாதபடி பகவதி வெயிட்டைக் கரண்டியால் தூக்கித் தூக்கி ஆவியை விட்டார். வடாம் நான்கு நாளாகியும் உலரவில்லை. ஓரங்களில் மட்டும் சுருண்டு, நடுவில் பிசுபிசுத்துக் கிடந்தது. அதைத் தாண்டித் தாண்டி நடப்பது மூவருக்கும் பழகிவிட்டது.

மூன்றாம் நாள், திங்கட்கிழமை, மோட்டார் சைக்கிள் ஒன்று வாசலில் வந்து நின்றது. யாரோ கம்பிக் கதவின் பூட்டைப் பிடித்து இரண்டு முறை ஆட்டினார்கள். வைத்தியநாதன் விரலை உதட்டில் வைத்தார். வண்டி கிளம்பிப் போயிற்று.

"ஆலையிலேருந்துதான்" என்றார் அவர், ஒரு சிறு வெற்றியுடன். "பாத்தியா? பூட்டு இல்லன்னா இந்நேரம் நான் சப்ஸ்டேஷன்ல நின்னிருப்பேன்."

ஆலையின் ஜீப்புக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் உள்ள வேறுபாட்டை ரோகிணி அறிவாள். சமையலறைக்குப் போய்த் தாழ்ந்த குரலில் சொன்னாள்: "அம்மா, அது அவர்தான். செகண்ட் டைம். நாமளே ஸ்டேஷனுக்குப் போலாம், பின்பக்கமா."

"போயி என்னன்னு சொல்ல? நீங்க ஆட்டிப் பாத்த பூட்டுக்கு உள்ளருந்துதான் வாறோம்னா?"

"அப்ப அப்பாகிட்ட சொல்லு."

"ரெண்டு மட்டம் வாயெடுத்தேன். 'வடாம் காஞ்சிச்சா'ன்னு கேக்காக." பகவதி அரிசியைக் களைந்து தண்ணீரை மெல்லச் சாய்த்தார். "மூணாவது மட்டம் வருவாருல்லா, பாத்துக்கிடுவோம்."

அந்தக் குரலில் நம்பிக்கையும் இல்லை, அவநம்பிக்கையும் இல்லை. ரோகிணி தனக்குள் ஏதாவது பதறுகிறதா என்று கவனித்துப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. ஒரு கதவு மூடப்போகிறது என்பது தெரிந்திருந்தது. அது வேறு யாருடைய வீட்டுக் கதவோ என்பதுபோல் இருந்தது.

நான்காம் நாள் புகைப்படங்கள். வைத்தியநாதன் அவற்றை ஆண்டுவாரியாக அடுக்கினார். தினேஷின் திருமணப் படங்கள் வந்தபோது அந்தக் கட்டை மொத்தமாக எடுத்து அடியில் வைத்தார். பகவதி அதை மறுபடி வெளியே இழுத்து, சுபாஸ்ரீ தனியாக நிற்கும் ஒரு படத்தை மட்டும் எடுத்துப் பார்த்தார். மணப்பெண் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியிருந்தாள்.

"இதுல மெலிஞ்சு இருக்கா" என்றார்.

"வரிசை கலைஞ்சிரும். வச்சிரு" என்றார் வைத்தியநாதன்.

வைத்துவிட்டார். ஐந்தாம் நாளும் இவ்வாறே கழிந்தது.

ஆறாம் நாள் காலைக்குரிய செயல் 'சேர்ந்து ஊறுகாய் போடுதல்'. மாங்காயை வெட்டினால் கத்தி கொட்டையில் இறங்கும் ஓசை தெருவுக்குக் கேட்கும். எனவே துருவித் தொக்குப் போடுவது என்று முடிவாயிற்று. பத்து மணிக்கு மின்சாரம் போனது. விசிறி நின்றதும் வெளியுலகின் ஒலிகள் ஒவ்வொன்றாகக் கூடத்துக்குள் வந்தன. எதிர்வீட்டு அம்பி ஸ்கூட்டரைக் கழுவிக்கொண்டிருந்தார். அவர் வைத்தியநாதனின் பிரிவிலேயே வேலை பார்ப்பவர். வாளித் தண்ணீர் சக்கரத்தின்மேல் விழுந்தது. பிறகு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது.

"பகவதி அம்மகாரு உண்டே இல்லு இதேனா?" என்று ஓர் ஆண் குரல் கேட்டது.

துருவிக்கொண்டிருந்த மூன்று கைகளும் நின்றன.

பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. ஜலஜா தெலுங்கில் பதில் சொன்னார்: ஆமாம், அவர்கள் வீடுதான், பதினெட்டு வருஷமாக இங்கேதான் இருக்கிறார்கள், நல்ல மனிதர்கள். பாஸ்போர்ட் விசாரணை என்றார் அந்தக் குரல். மூன்றாவது தடவையாக வருகிறேன், ஆள் எங்கே? ஊருக்குப் போயிருக்கிறார்கள் என்றார் ஜலஜா. எப்போது வருவார்கள்? நான்கு நாளாகும். அதுவரை காத்திருக்க முடியாது, இன்று மாலைக்குள் அறிக்கை போயாக வேண்டும், கொடுத்த முகவரியில் ஆள் இல்லை என்று எழுதிவிடுகிறேன், நீங்கள் சாட்சிக் கையெழுத்துப் போடுங்கள் என்றார் கான்ஸ்டபிள்.

அப்போது ஜலஜா தமிழுக்கு மாறினார். குரலும் திடீரென்று உயர்ந்தது. வந்தவருக்குத் தமிழ் தெரியாது என்பது அவருக்குத் தெரியும்.

"யாருமே இல்லாத வீட்டைப் பாத்து நான் என்னத்தச் சொல்றது! இன்னிக்கோட சரியாம். பேப்பரை வண்டி சீட்டு மேல வச்சி எழுத ஆரம்பிச்சிட்டாரு. நான் கையெழுத்துப் போட மாட்டேன் நக்கோன்னா எதிர்வீட்ல போய்க் கேப்பாரு. பூட்டின வீடு, நான் என்ன பண்ணுவேன்? செவுத்துக்கிட்டதான் பேசணும்!"

"ஏமண்டி?" என்றார் கான்ஸ்டபிள்.

"ஒண்ணுமில்ல சாப். தலைவலி."

உள்ளே வைத்தியநாதன் மனைவியைப் பார்த்தார். "பாஸ்போர்ட்டா?" அவர் குரல் மூச்சளவுக்குத் தாழ்ந்திருந்தது. "உனக்கா?"

"ஆமா."

"எப்பக் குடுத்த?"

"மார்ச்சுல."

"எங்கிட்டச் சொல்லல."

"சொன்னா எதுக்குன்னு கேப்பீக."

"எதுக்கு?"

"பாத்தீகளா."

ரோகிணிக்குச் சிரிப்பு வந்தது. ஜனவரிக்குப் பிறகு அவளுக்கு வந்த முதல் சிரிப்பு அது. வந்த வேகத்திலேயே அடங்கியது.

பகவதி துருவியைத் தட்டில் வைத்தார். "அந்தப் பிள்ளைக்குப் பேரு வச்சாங்களான்னுகூட நமக்குத் தெரியாதுங்க. நீங்க பனியப் பத்திக் கேட்டீக. நான் தோச சுட்டேன். சுபாவ நேருல பாத்துக் கேக்கணும். அதுக்குத்தான்."

வைத்தியநாதன் தட்டிலிருந்த துருவலை ஒரு பக்கமாக ஒதுக்கினார்.

"சரி. வேற அப்ளிகேஷன் குடுத்துக்கிடலாம்" என்றார்.

"நீங்க குடுப்பீகளா?"

பகவதி எழுந்தார்.

"உக்காரு. அம்பி வாசல்ல நிக்கான். நீ எட்டிப் பாத்தா அவன் பாத்துத்தான் ஆகணும். அவன் பாத்தா நாளைக்கு ஆலைக்கே தெரியும். இது நம்ம ஒருத்தர் விசயம் இல்ல, பகவதி. இனி இந்த மூணு லைன்ல யாரும் பூட்டுப் போட முடியாது. தேவராஜ் அடுத்த வாரம் லீவு எழுதியிருக்கான்." தேவராஜ் ஜலஜாவின் கணவர். "அந்தப் பொண்ணே உண்மையச் சொல்லாம நிக்கி பாரு, எதுக்கு? நமக்காகத்தான்."

அவர் சொன்னது அனைத்தும் உண்மை. காணாததுபோல் இருக்கும் அந்த மரியாதையை இத்தனை ஆண்டுகளாக அந்த வீடும் வாங்கியிருந்தது, மற்றவர்களுக்குக் கொடுத்தும் இருந்தது. பகவதி அதை மறுக்கவில்லை. பின்கதவு வழியாகச் சுற்றிக்கொண்டு போய், இப்போதுதான் பேருந்திலிருந்து இறங்கியதாகக் கான்ஸ்டபிளிடம் சொல்லலாம் என்று ரோகிணி நினைத்தாள். அதைச் சொல்லவும் வாயெடுத்தாள். "அம்மா, பின்பக்கமா போயி…"

"எதுக்குட்டி? நான் எங்கயும் போகலையே."

வெளியே, "சரி, எதிர்வீட்டில் கேட்கிறேன்" என்று கான்ஸ்டபிள் தெலுங்கில் சொல்வது கேட்டது. அம்பி வாளியைக் கீழே வைத்தார். பகவதி ஈர வேட்டியின்மேல் கிடந்த வடாம்களை மிதித்துக்கொண்டே நேராக நடந்தார். தெருவைப் பார்த்த சன்னலின் தாழ்ப்பாள் இறுகியிருந்தது. மாங்காய்ச் சாறு பட்ட விரல்கள் அதில் வழுக்கின. முந்தானையால் பிடித்து இழுத்தார். இரண்டு கதவுகளும் ஒரேயடியாகத் திறந்து வெளிச்சுவரில் மோதின.

மே மாத வெளிச்சம் கூடம் முழுவதும் விழுந்தது. போர்வைமேல் கேரம் பலகை, சுவர் ஓரமாக அடுக்கிய புகைப்படங்கள், தட்டில் துருவல், தலை குனிந்து உட்கார்ந்திருந்த வைத்தியநாதன், அனைத்தும் தெருவிலிருந்து தெரிந்தன. கான்ஸ்டபிள் பேனாவோடு திரும்பிப் பார்த்தார். ஜலஜா வாயைப் பொத்திக்கொண்டார். அம்பி, பழக்கத்தின் வேகத்தில், தம் ஸ்கூட்டரின் பின்சக்கரத்தைக் கூர்ந்து பார்க்கத் தொடங்கினார்.

பகவதி கம்பிகளைப் பிடித்துக்கொண்டு தமக்குத் தெரிந்த கடைத்தெருத் தெலுங்கில், எழுதாதீர்கள், உள்ளேயேதான் இருக்கிறேன் என்று சொன்னார்: "நேனே பகவதி. ராயகண்டி. லோபலே உன்னானு."

பிறகு, மூன்று வரிசைக்கும் கேட்கும்படி, தமிழில்:

"வீட்டுல ஆள் இருக்கு! நாங்க ஊருக்கும் போகல, எங்கயும் போகல. ஆறு நாளா இதுக்குள்ளதான் இருக்கோம். அம்பி தம்பி, அங்கிட்டுப் பாக்காதீங்க. இங்க பாருங்க."